ஒரே பெயரில் பல ஆய்வாளர்கள்: உங்கள் கட்டுரைகள் உங்கள் கணக்கில் சேர்வதற்குச் செய்ய வேண்டியவை

எஸ். சந்திரசேகர் என்ற பெயரைப் பழைய ஆய்விதழ்களில் தேடிச் செல்பவருக்குக் குறைந்தது மூன்று அறிஞர்கள் கிடைப்பார்கள். முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்து, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்து, வட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்பதை 1977-இல் தம் குழுவினருடன் வெளிப்படுத்தியவர். மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர். மக்கள்தொகையியல் அறிஞர், 1967-இல் ஒன்றிய அரசில் சுகாதார அமைச்சரானவர்.

மூன்றாமவரைத் துறையை வைத்தே பிரித்துவிடலாம். முதல் இருவரைப் பிரிப்பதுதான் கடினம். இருவரும் இயற்பியலாளர்கள்; இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியில் இடம்பெற்றவர்கள்; அந்தச் சங்கத்தின் ராயல் பதக்கம் ஒருவருக்கு 1962-இலும் மற்றவருக்கு 1994-இலும் கிடைத்தது. போதாக்குறைக்கு இருவரும் சர் சி. வி. இராமனின் நெருங்கிய உறவினர்கள்: ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இராமனின் தந்தை சந்திரசேகர ஐயர் இருவருக்கும் தாத்தா. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் நம் மொழியில் பேரனுக்குப் 'பெயரன்' என்றே பெயர். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு எஸ். சந்திரசேகர்கள் தோன்றியதில் வியப்பில்லை. இருவரையும் வேறுபடுத்துவது அந்த 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் தந்தை பெயர்தான்.

அவர்கள் காலத்தில் இத்தகைய குழப்பங்களைத் தீர்த்து வைத்தவர்கள் நூலகப் பட்டியல் தயாரித்தவர்கள். ஒரே பெயரில் இருவர் வந்தால், இனிஷியலை விரித்தோ பிறந்த ஆண்டைச் சேர்த்தோ இரண்டு தலைப்புகளாக எழுதி வைப்பது அவர்களுடைய வழக்கம். கணிதத் துறையின் 'மேத்தமேட்டிக்கல் ரெவ்யூஸ்' என்ற மதிப்புரை இதழ் 1940-இல் தொடங்கிய நாளிலிருந்தே எந்தக் கட்டுரை எந்த ஆளுடையது என்பதைத் தனியே பிரித்து வைத்து வருகிறது. இன்று அந்தப் பிரிக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கணினி நிரல்கள் செய்கின்றன. அவை பெயரையும் நிறுவனத்தையும் இணையாசிரியர்களையும் பார்த்து ஊகிக்கின்றன. நம்முடைய பெயர் முறையைப் பொறுத்தவரை அந்த ஊகம் அடிக்கடி தவறுகிறது. கல்லூரி நூலகம் ஒன்றில் ஆய்வு மாணவர்களுக்குத் துணைசெய்யும் பணியில் இருப்பவன் என்ற முறையில், புதிதாகச் சேருபவர்கள் முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

பெயர் எங்கே உடைகிறது?

வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் பதிவெண் உண்டு. மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவெண் உண்டு. ஒரே பெயரில் பத்து வழக்கறிஞர்கள் ஒரே நீதிமன்றத்தில் இருந்தாலும் பதிவெண் அவர்களைப் பிரித்துவிடும். ஆய்வாளருக்கு அப்படி ஓர் எண்ணை எந்த அமைப்பும் பிறப்பிலேயே ஒட்டிவிடுவதில்லை. அவருடைய கட்டுரைகள் அவருடைய பெயரை நம்பியே உலவுகின்றன. அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளும் படிவங்களோ, 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்ற இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நாம் அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

கந்தசாமி என்பவரின் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஆங்கிலத்தில் 'செந்தில்குமார் கே'. முதல் கட்டுரையை அனுப்பும்போது முதற்பெயர்க் கட்டத்தில் 'கே' என்றும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'செந்தில்குமார்' என்றும் எழுதினார்; தரவுத்தளத்தில் அவர் 'செந்தில்குமார், கே.' ஆனார். இரண்டாம் கட்டுரையை நெறியாளர் அனுப்பினார். அவர் செந்தில், குமார் என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதியதால், 'குமார்' குடும்பப் பெயராகி, நம் நண்பர் 'குமார், கே. எஸ்.' ஆனார். மூன்றாம் கட்டுரை வெளிநாட்டு மாநாட்டுக்கு உரியது. கடவுச்சீட்டில் உள்ளபடி 'செந்தில்குமார் கந்தசாமி' என்று எழுதப்பட்டதால் அவர் 'கந்தசாமி, எஸ்.' ஆனார். நான்காவதில் சான்றிதழில் உள்ள வரிசையை அப்படியே பின்பற்றி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'கே' என்ற எழுத்தை மட்டும் போட்டார். அவர் 'கே, எஸ்.' ஆனார். நான்கு கட்டுரைகள், நான்கு ஆட்கள். இந்த நான்கில் எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாலும் அந்த எண்ணிக்கை நான்காகச் சிதறிப்போகும்.

இதை நான் பிளவு என்று சொல்வேன். இதன் மறுபக்கம் கலப்பு. இந்தியாவில் 'குமார், கே. எஸ்.' என்று சுருங்கக்கூடியவர்கள் எண்ணி மாளாது. அவர்களில் ஒருவர் அதே நகரத்தில், அதே துறையில் இருந்துவிட்டால், நிரல் இருவரையும் ஒருவராக்கிவிடும். மருத்துவ ஆய்விதழ்களுக்கான மெட்லைன் தரவுத்தளம் 2002-க்கு முன் ஆசிரியரின் முழுப்பெயரைப் பதிவு செய்யாமல், குடும்பப் பெயரையும் இனிஷியல்களையும் மட்டுமே வைத்திருந்தது. ஆகவே அதற்கு முந்தைய கட்டுரைகளில் இனிஷியலை விரிக்க வேண்டுமானால் மூல இதழையே புரட்ட வேண்டும். அங்கும் பல நேரங்களில் இனிஷியல்தான் இருக்கும்.

இவற்றோடு எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. சந்திரசேகர் என்ற ஒரே பெயரை 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும், 'எஸ்' வரும் இடத்தில் 'எஸ்எச்' என்றும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். இடையில் எண்கணித சோதிடர் சொன்னார் என்று பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சோதிடத்தைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் முதல் கட்டுரை வெளிவந்த பிறகு எழுத்தைக் கூட்டுவது தரவுத்தளத்தைப் பொறுத்தவரை மறுபிறவி எடுப்பதற்கு ஒப்பானது.

முதற்படி: எழுதும் பெயரை ஒருமுறை முடிவு செய்யுங்கள்

தந்தை பெயரை விரித்து எழுதுங்கள் என்பதே என் அறிவுரை. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. 'செந்தில்குமார்' முதற்பெயராகவும் 'கந்தசாமி' குடும்பப் பெயராகவும் இருந்தால், உலகம் உங்கள் ஆய்வைக் 'கந்தசாமி முதலானோர்' என்று மேற்கோள் காட்டும். தந்தைக்குப் பெருமைதான்; ஆனால் சிலருக்கு அது உறுத்தும். 'கந்தசாமி' முதற்பெயராகவும் 'செந்தில்குமார்' குடும்பப் பெயராகவும் இருந்தால், மேற்கோளில் உங்கள் பெயரே நிற்கும். சந்திரசேகர வெங்கட ராமன் சென்றது இந்த இரண்டாம் வழி. முதற்சொல் தந்தை பெயர். கடைசியில் நின்றது தம் பெயரின் பகுதி. அதனால்தான் அவர் கண்டறிந்தது இராமன் விளைவு ஆயிற்று. தந்தை பெயரைக் கடைசியில் வைத்திருந்தால் அது சந்திரசேகர விளைவு என்று வழங்கி, அண்ணன் மகனின் 'சந்திரசேகர் வரம்பு' என்பதோடு சேர்ந்து நம்மை இன்னும் குழப்பியிருக்கும்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும், முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் எண்ணியிருக்கும் பெயர் வடிவத்தை கூகுள் ஸ்காலரிலும், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் இலவச ஆசிரியர் தேடலிலும், மருத்துவம் அல்லது உயிரியல் துறையினராக இருந்தால் மெட்லைனைத் தேட உதவும் பப்மெட் தளத்திலும் இட்டுப் பாருங்கள். குடும்பப் பெயரோடு இனிஷியல் சேர்ந்த சுருக்க வடிவத்தையும் தேடுங்கள், ஏனெனில் மேற்கோள் பட்டியல்களில் வரப்போவது அதுதான். உங்கள் துறையிலேயே அதே வடிவத்தில் ஏற்கெனவே எழுதுபவர் இருந்தால், ஊர்ப் பெயரையோ தாயின் பெயரையோ நடுப்பெயராகச் சேர்ப்பதைப் பரிசீலிக்கலாம். ஊர்ப் பெயரைச் சேர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று, ஜி. என். ராமச்சந்திரனின் 'ஜி' கோபாலசமுத்திரம் என்ற ஊரைக் குறிப்பது.

சான்றிதழில் உள்ளபடியே கட்டுரையில் பெயர் இருக்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் கேட்பதில்லை. எனினும் நேர்காணலில் 'இந்தக் கட்டுரை உங்களுடையதுதானா' என்ற கேள்வி எழாதபடி, சான்றிதழ்ப் பெயரின் சொற்களைக் கொண்டே வடிவத்தை அமைத்துக்கொள்வது நல்லது. ஒற்றை எழுத்தை மட்டும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதை எக்காரணம் கொண்டும் தவிர்த்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். திருமணத்துக்குப் பின் தந்தை பெயரின் இனிஷியலை விட்டுக் கணவர் பெயரின் இனிஷியலுக்கு மாறும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் எது இருந்தாலும், கட்டுரையில் எழுதும் பெயரைத் தொடக்கத்தில் இருந்தபடியே வைத்துக்கொள்ள முடியும். அதைத் தடுக்கும் விதி எதுவும் ஆய்விதழ்களில் இல்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பெயரையும் புதிய பெயரையும் அடுத்த படியில் சொல்லும் எண்ணின் கீழ் ஒன்றாகப் பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஆர்கிட் எண்ணைப் பெறுங்கள்

ஆர்கிட் என்பது ஆய்வாளர்களுக்கு நிலையான அடையாள எண் வழங்கும், இலாப நோக்கமற்ற அமைப்பு. 2012 அக்டோபர் 16 அன்று இதன் பதிவேடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தனிநபர்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பதிவு செய்யச் சில நிமிடங்களே ஆகும். கட்டணம் கேட்டு யாரேனும் 'நாங்கள் எடுத்துத் தருகிறோம்' என்றால் அவர்களிடம் போகாதீர்கள்.

எண் பதினாறு இலக்கங்கள் கொண்டது; நான்கு நான்காகப் பிரித்து இடையே சிறுகோடு இட்டு எழுதப்படும். நாடு, துறை, பிறந்த ஆண்டு போன்ற எந்தச் செய்தியும் அந்த எண்ணுக்குள் இல்லை; நீங்கள் துறை மாறினாலும் நாடு மாறினாலும் எண் மாறாமலிருக்க அதுவே காரணம். கடைசி இலக்கம் மற்றப் பதினைந்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. ஆர்கிட் அமைப்பு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தும் எண் 0000-0002-1825-0097. இது பிரவுன் பல்கலைக்கழகத்தில் தலைமுறைகளாகக் கேலிக்காக வழங்கிவரும் ஜோசையா கார்பெரி என்ற கற்பனைப் பேராசிரியருக்கு உரியது. சுழியத்தில் தொடங்கி, இடமிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் கூட்டி, கூட்டிய தொகையை ஒவ்வொரு முறையும் இரட்டித்துக்கொண்டே போனால், பதினைந்தாம் இலக்கத்தில் 1314 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. 12-இலிருந்து 5 போனால் 7. எண்ணின் கடைசி இலக்கமும் 7. விடை 10 என்று வந்தால் அந்த இடத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்து நிற்கும். எனவே உங்கள் எண் எக்ஸில் முடிந்தால் பிழை என்று எண்ணிப் பதறாதீர்கள். தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினால் இயந்திரம் கண்டுகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில், உங்களுக்கு ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகலைப் படிப்பில் ஏதோ ஒரு மாநாட்டுக்காகப் பதிவு செய்துவிட்டு மறந்துபோனவர்கள் பலர். இரண்டு எண்கள் இருப்பது பெயர்ப் பிளவை எண்ணிலும் கொண்டுவந்துவிடும். அப்படி இருந்தால், கணக்கு அமைப்புப் பகுதியில் மிகுதியான பதிவை நீக்கும் வசதி உள்ளது. நீக்கிய எண்ணைத் தேடி வருபவர்களை அது வைத்திருக்கும் எண்ணுக்கே அழைத்துச் செல்லும்.

அடுத்தது பெயர்ப் பகுதி. இங்கே முதற்பெயர் மட்டுமே கட்டாயம். குடும்பப் பெயர் கட்டாயமன்று. 'வெளியீடுகளில் வழங்கும் பெயர்' என்று தனி இடம் உண்டு; முதற்படியில் முடிவு செய்த வடிவத்தை அங்கே எழுதுங்கள். 'வேறு பெயர்கள்' என்ற பகுதியில், இதுவரை வெளிவந்த கட்டுரைகளில் உள்ள அத்தனை வடிவங்களையும் ஒன்றுவிடாமல் சேருங்கள். தமிழ் எழுத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம். நம் செந்தில்குமாரின் நான்கு அவதாரங்களும் ஓரிடத்தில் கூடுவது இங்கேதான்.

மின்னஞ்சல் முகவரியில் பலர் தவறு செய்கிறார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, பட்டம் பெற்று வெளியேறி, அந்த முகவரி மூடப்பட்ட பிறகு கடவுச்சொல்லையும் மறந்து நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சொந்த முகவரி ஒன்றையும் முதல் நாளே சேர்த்து, இரண்டையும் உறுதிசெய்துவிடுங்கள். ஒவ்வொரு செய்தியையும் யார் பார்க்கலாம் என்பதை எல்லோரும், நம்பிக்கைக்கு உரிய அமைப்புகள் மட்டும், நான் மட்டும் என்ற மூன்று நிலைகளில் நீங்களே தீர்மானிக்கலாம். மின்னஞ்சலை மறைத்து வையுங்கள். கட்டுரைகளையும் பணியிடத்தையும் மறைத்தால் எண் எடுத்ததில் பயனில்லை.

மூன்றாம் படி: அனுப்பும்போதே எண்ணைப் பிணையுங்கள்

எண் வைத்திருப்பது போதாது. அது கட்டுரையோடு சேர்ந்து அச்சேற வேண்டும். பெரும்பாலான பதிப்பகங்களின் சமர்ப்பிப்புத் தளங்களில் ஆர்கிட் எண்ணை இணைக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, ஆர்கிட் கணக்கில் உள்நுழைந்து அனுமதி தருவதே முறை. எண்ணைக் கையால் தட்டச்சு செய்வதைவிட இது மேல், ஏனென்றால் எண்ணுக்கு உரியவர் நீங்கள்தான் என்று பதிப்பகம் இவ்வாறு உறுதிசெய்துகொள்கிறது. கட்டுரை வெளிவந்ததும் பதிப்பகம் அதன் விவரங்களை எண்ணோடு, கட்டுரை விவரங்களைப் பதிவு செய்து வைக்கும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு அனுப்பும். கிராஸ்ரெஃப் உங்கள் ஆர்கிட் பக்கத்தில் அதைச் சேர்க்க அனுமதி கேட்டு ஓர் அறிவிப்பு அனுப்பும். ஒருமுறை அனுமதித்துவிட்டால் அடுத்தடுத்த கட்டுரைகள் தாமாகவே வந்து சேரும். அந்த அறிவிப்பை விளம்பர மின்னஞ்சல் என்று எண்ணி அழித்துவிடுபவர்கள் நிறைய, அழிக்காதீர்கள்.

நம் கல்லூரிகளில் கட்டுரையைப் பெரும்பாலும் ஒருவரே அனுப்புகிறார். மற்ற ஆசிரியர்களின் பெயர்களை நினைவிலிருந்து தட்டச்சு செய்கிறார். பிளவுகளில் பாதி அந்த மேசையில்தான் நிகழ்கிறது. ஆகையால், கட்டுரையில் உங்கள் பங்கு முடிந்தவுடன், முதற்பெயர், குடும்பப் பெயர், நிறுவனத்தின் முழுப்பெயர், மின்னஞ்சல், ஆர்கிட் எண் ஆகிய ஐந்தையும் படிவத்தில் உள்ள கட்டங்களின் பெயரிலேயே எழுதி, அனுப்பப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். நெறியாளரிடம் இப்படி ஒரு சீட்டை நீட்டுவது மரியாதைக் குறைவாகப் படுமோ என்று தயங்க வேண்டாம். அவருக்கு அது வேலையைக் குறைக்கும். அச்சுப்படி திருத்தத்துக்கு வரும்போது, சமன்பாடுகளைப் பார்ப்பதற்கு முன் பெயர் வரியைப் பாருங்கள். வெளிவந்த பின் பெயரைத் திருத்துவது இயலும் என்றாலும், திருத்த அறிவிப்பு வெளியிடும் அளவுக்கு அது நீளக்கூடும்.

நிறுவனத்தின் பெயருக்கும் இதே ஒழுங்கு வேண்டும். கல்லூரியின் பெயர், அது இணைவு பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயர், ஊர் ஆகியவற்றை ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரே வடிவில் எழுதுங்கள். பெயர் ஒத்திருக்கும்போது நிரல் அடுத்துப் பார்ப்பது நிறுவனத்தைத்தான்.

நான்காம் படி: தாமாக முளைத்த பக்கங்களைத் தேடிப் பிடியுங்கள்

ஸ்கோபஸில் நீங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. அங்கே இடம்பெறும் இதழில் உங்கள் கட்டுரை வந்தவுடன் உங்களுக்கு ஓர் ஆசிரியர் எண் தானாகவே உருவாகிவிடும். பெயர் பிளந்திருந்தால் இரண்டு மூன்று எண்கள் உருவாகியிருக்கும். சந்தா இல்லாதவர்களும் பயன்படுத்தக்கூடிய ஆசிரியர் தேடலில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் இட்டுப் பாருங்கள். உங்களுடைய பக்கங்கள் பல இருந்தால், அவற்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றாக இணைக்கக் கோரலாம். உங்களுடையது அல்லாத கட்டுரையை நீக்கக் கோரலாம். காட்ட வேண்டிய பெயர் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கலாம். கோரிக்கையைச் சரிபார்த்து மாற்றச் சில வாரங்கள் ஆகக்கூடும். ஆகவே வேலைக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். இணைப்பு முடிந்ததும் ஸ்கோபஸ் எண்ணை ஆர்கிட் பக்கத்தோடு தொடுத்துவிடுங்கள்.

ஸ்கோபஸைப் போன்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸில் இதற்கு இணையானது 2008-இல் தொடங்கிய ரிசர்ச்சர்ஐடி என்ற ஆசிரியர் எண். முன்பு தனியாக இருந்த பப்ளான்ஸ் என்ற ஆய்வாளர் சுயவிவரத் தளம் 2022-இல் வெப் ஆஃப் சயன்ஸோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய வழிகாட்டிகளில் பப்ளான்ஸ் என்று இருப்பதைப் பார்த்துத் தேடி அலைய வேண்டாம். கணினி அறிவியல் துறையினர் தங்கள் துறைக் கட்டுரைகளின் பட்டியலான டிபிஎல்பி தளத்தையும் பார்க்க வேண்டும். 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தப் பட்டியல், ஒரே பெயரினரை 0001, 0002 என்று பெயருக்குப் பின்னால் நான்கிலக்க எண் கொடுத்துப் பிரிக்கிறது. சீனப் பெயர்களில் இந்த வரிசை மிக நீளமாகப் போயிருப்பதைப் பார்த்தால், நம்முடைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். இந்திய ஆசிரியர்களுக்கு, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் வித்வான் என்ற ஆய்வாளர் விவரத் தளத்திலும் பதிவு உண்டு. மேற்சொன்ன எண்களை அங்கேயும் சேர்க்க வேண்டும்.

கூகுள் ஸ்காலரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் திறப்பது அதைத்தான். அங்கே சுயவிவரப் பக்கம் உருவாக்கும்போது, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளலாமா அல்லது மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கலாமா என்று ஒரு கேள்வி வரும். பொதுவான பெயர் உள்ளவர்கள் கட்டாயம் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதைத் தேர்ந்தவர்களின் பக்கங்களில் நடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கட்டுமானப் பொறியியல் ஆய்வு மாணவர் ஒருவர், தம் எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளும் அவை பெற்ற மேற்கோள்களும் சேர்ந்த அளவீடு) திடீரென்று உயர்ந்துவிட்டதாக மகிழ்ச்சியோடு வந்தார். பக்கத்தைத் திறந்து பார்த்தால், கான்கிரீட் கலவை பற்றிய அவருடைய மூன்று கட்டுரைகளுக்கு மேலே இதயநோய் பற்றிய கட்டுரைகள் வரிசையாக நின்றன. அவரைப் பொய் சொன்னவர் என்று யாரும் சொல்ல முடியாது; ஆனால் தேர்வுக் குழுவின் முன் அந்தப் பக்கம் விரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அன்று மாலையே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். இதற்குச் சொந்தக் கூகுள் கணக்கையே பயன்படுத்துங்கள். நிறுவன மின்னஞ்சலைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ஐந்தாம் படி: பிறருடையது உங்களிடமும் உங்களுடையது பிறரிடமும் இருந்தால்

பிறருடைய கட்டுரை உங்கள் பக்கத்தில் இருப்பது தெரிந்த நாளிலேயே நீக்குங்கள். எண்ணிக்கை குறையுமே என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல கட்டுரைகள் மட்டும் கலந்து வருவதில்லை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் அதே வழியில்தான் வந்து சேரும்.

உங்கள் கட்டுரை இன்னொருவர் பக்கத்தில் இருந்தால், அந்த ஆய்வாளருக்கு எழுதுவதைவிடத் தரவுத்தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதே பயன் தரும். பெரும்பாலும் அவர் அதைச் செய்யவில்லை, நிரல்தான் செய்திருக்கும். கடிதத்தில் உங்கள் வருத்தத்தை விவரிக்க வேண்டாம். சரியான ஆசிரியர் எண், தவறாகச் சேர்ந்திருக்கும் எண், ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண், கட்டுரையின் முதல் பக்கத்தில் உங்கள் நிறுவனமும் மின்னஞ்சலும் அச்சாகியிருப்பதற்கான சான்று, உங்கள் ஆர்கிட் எண் ஆகியவை இருந்தால் பத்து வரிக் கடிதம் போதும். நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் விரைவில் ஏற்கப்படும். அனுப்பிய நாளையும் அவர்கள் தரும் கோரிக்கை எண்ணையும் குறித்து வையுங்கள்.

தரவுத்தளத்தில் பிழை இல்லாமல் கட்டுரையிலேயே பெயர் தவறாக அச்சாகியிருந்தால், தரவுத்தளத்துக்கு எழுதிப் பயனில்லை. அந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுத வேண்டும்.

நீங்கள் பிறரைத் தேடும்போது

இலக்கியத் தொகுப்பு எழுதும்போதும், ஆய்வேட்டுக்குத் தேர்வாளர் பெயர்களைப் பரிந்துரைக்கும்போதும் இதே கவனம் எதிர்த்திசையில் தேவைப்படும். துறை ஒன்றாக இருப்பது சான்றாகாது என்பதைச் சந்திரசேகர்கள் இருவரும் காட்டிவிட்டார்கள். அவர்களைப் பிரித்துத் தருவன நிறுவனமும் இணையாசிரியர்களும்தான்: சிகாகோ ஒருபுறம், பெங்களூரு மறுபுறம். கட்டுரையின் நிறுவனம், இணையாசிரியர்கள், அவர் தம் முந்தைய கட்டுரைகளாக மேற்கோள் காட்டுபவை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தம் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டாத ஆய்வாளர் அரிது. ஆர்கிட் பக்கத்தைப் பார்க்கும்போது ஒவ்வொரு பதிவின் கீழும் அதைச் சேர்த்தவர் யார் என்ற குறிப்பு இருக்கும். ஆய்வாளர் தாமே சேர்த்த பதிவைவிட, பதிப்பகமோ பல்கலைக்கழகமோ சேர்த்த பதிவுக்கு எடை அதிகம். ஆர்கிட் யாரிடமும் அடையாளச் சான்று கேட்பதில்லை என்பதால் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

நிறுவனத்தை விட்டு வெளியேறும்போது

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின், அது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறும்போது பெயர் எப்படிப் பதிவாகிறது என்பதை நூலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கே சான்றிதழ்ப் பெயரே இருக்கும், ஆகவே அந்த வடிவத்தையும் ஆர்கிட்டின் 'வேறு பெயர்கள்' பகுதியில் சேருங்கள். பிறகு, பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படுவதற்கு முன்னால், ஆர்கிட், கூகுள் ஸ்காலர், வித்வான், நீங்கள் கட்டுரை அனுப்பியிருக்கும் இதழ்களின் சமர்ப்பிப்புத் தளங்கள் ஆகியவற்றில் தொடர்பு முகவரியைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். பரிசீலனையில் உள்ள கட்டுரையின் அச்சுப்படி, நீங்கள் ஊர் மாறிய பிறகு பழைய முகவரிக்கு வந்து யாரும் பார்க்காமல் கிடந்தால், பெயர் வரியைத் திருத்தும் கடைசி வாய்ப்பும் போய்விடும்.